ஒரு தாள், எட்டுப் பக்கம்: சிறு பிரசுரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

துண்டறிக்கைக்கும் சிறு பிரசுரத்துக்கும் என்ன வித்தியாசம்? எத்தனை பக்கம் இருந்தால் அது புத்தகம்?

துண்டறிக்கை என்பது ஒற்றைத் தாள். மடிக்கலாம், ஆனால் தைக்க வேண்டியதில்லை. தாளை மடித்துப் பக்கங்களாக்கி, அட்டை கட்டாமல் நூலால் மட்டும் தைத்து விற்றால் அது சிறு பிரசுரம். 1964-ல் யுனெஸ்கோ புள்ளிவிவரத் தேவைக்காக ஓர் எல்லை வகுத்தது. அதன்படி அட்டையை விட்டுவிட்டு 5 முதல் 48 பக்கம் வரை உள்ள, பருவ இதழ் அல்லாத வெளியீடு சிறு பிரசுரம், 49-லிருந்து புத்தகம். நூலகக் கணக்குக்கு இது போதும். வரலாற்றுக்குப் போதாது. 1789 ஜனவரியில் பிரான்ஸை உலுக்கிய சியேஸின் 'மூன்றாம் வகுப்பு என்றால் என்ன?' நூறு பக்கத்தைத் தாண்டியது. அதைச் சிறு பிரசுரம் அல்ல என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்வதில்லை. அவசரத்தில் எழுதி, தைத்த கோலத்திலேயே விற்று, அன்றைய சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'பாம்ஃப்லெட்' என்ற சொல் 12-ஆம் நூற்றாண்டின் லத்தீன் காதல் கவிதை ஒன்றின் நாயகன் பெயரான 'பாம்ஃபிலஸ்' என்பதிலிருந்து வந்தது. கையெழுத்துப் பிரதியாகப் பரவலாகப் படிக்கப்பட்ட சிறிய நூல் அது. நாளடைவில் எந்தச் சிறிய நூலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசியல் வாடை பிற்பாடு ஏறியதுதான்.

'ஒரே இரவில் அச்சடித்துப் பரப்பினார்கள்' என்று படிக்கிறோம். கையால் இழுக்கும் அச்சுப்பொறியில் அது முடிகிற காரியமா?

ஒரு தாள் பிரசுரமென்றால் ஏறக்குறைய முடியும். மணிக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முழுத் தாளை இரண்டு முறை மடித்தால் 4 இலை, 8 பக்கம். 'குவார்ட்டோ' எனும் இந்த அளவுதான் 16, 17-ஆம் நூற்றாண்டுப் பிரசுரங்களில் மிகுதி. எழுத்தின் அளவைப் பொறுத்து 1,500 முதல் 2,500 சொல் கொள்ளும். தேர்ந்த கம்பாசிட்டர் (எழுத்துக் கோப்பவர்) ஒருவர் மணிக்குச் சுமார் 1,000 எழுத்து கோப்பார். 2,500 சொல் ஏறத்தாழ 14,000 எழுத்து. ஆகவே இரண்டு பேர் பிரதியைப் பங்கு போட்டுக்கொண்டால் ஏழெட்டு மணி நேரத்தில் கோத்து முடித்துவிடலாம்.

அடுத்தது பக்கங்களை அடுக்குவது. தாளின் வெளிப்புறத்துக்கு ஒரு ஃபாரம் (கோத்த பக்கங்களைப் பூட்டிய சட்டம்), உட்புறத்துக்கு ஒன்று. வெளிப்புறத்தில் 1-ம் 8-ம் அருகருகே நிற்கும். 4, 5 இரண்டும் அவற்றின் தலையோடு தலை முட்டும்படி தலைகீழாக வரும். உட்புறத்தில் 2-ம் 7-ம் அருகருகே. 3, 6 தலைகீழாக. ஒரு பக்கத்தை இடம் மாற்றி வைத்துவிட்டால், மடித்த பிறகு இரண்டாம் பக்கத்தை அடுத்து ஆறாம் பக்கம் வந்து நிற்கும். அவசர வேலையில் இது நடந்திருக்கிறது. அதனால்தான் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சின்னதாகக் கோத்து வைப்பார்கள். மடிப்பவர் அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார்.

தாளை முந்தைய நாளே நனைத்து, அடுக்கிப் பாரம் வைத்திருக்க வேண்டும். காய்ந்த தாளில் மை சரியாகப் பிடிக்காது. ஈரம் மிஞ்சினால் பரவி எழுத்தின் கண் அடைபடும். 'ஒரே இரவு' என்ற பேச்சில் விட்டுப்போவது இந்தத் தயாரிப்புத்தான். அச்சுப்பொறிக்கு ஆள் இரண்டு. ஒருவர் மை ஒற்றுவார், மற்றவர் தாள் வைத்து நெம்புகோலை இழுப்பார். லண்டன் அச்சகங்கள் மணிக்கு 250 இழுப்பு என்று கணக்கு வைத்திருந்தன. உண்மையில் கொஞ்சம் குறைவாகவே ஓடும். 1,000 பிரதிக்கு இரு புறமும் சேர்த்து 2,000 இழுப்பு, அதாவது எட்டு மணி நேரம். கொடியில் உலர்த்தி, மடித்து, முதுகோரமாக மூன்று துளை போட்டு நூல் கோத்தால் வேலை முடிந்தது. திங்கள் காலை கையெழுத்துப் பிரதி வந்தால் புதன் காலை தெருவில் விற்கலாம். இரண்டு பொறி வைத்திருக்கும் அச்சகம் இன்னும் அரை நாள் மிச்சப்படுத்தும்.

உலருமுன் மடித்தால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டி நிழல் விழும். பழைய பிரசுரத்தில் அந்த நிழலைக் கண்டால் அவசரத்தில் வெளிவந்தது என்று ஊகிக்கலாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்து சிறியதாக இருக்கிறதா? எத்தனை சொல் கொள்ளும் என்று முதலிலேயே போட்ட கணக்குத் தப்பிவிட்டது. இன்னொரு தாள் சேர்த்தால் தாள்செலவு இரட்டிப்பாகும். ஆகவே நெருக்கிக் கோத்து அடக்கிவிடுவார்கள்.

மார்ட்டின் லூதரின் வெற்றிக்கு அச்சு எவ்வளவு காரணம்? அவருக்குப் பணம் கிடைத்ததா?

பணம் வாங்கவில்லை. சம்பாதித்தவர்கள் அச்சகத்தார்.

திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து லூதர் எழுதிய 1517-ன் 95 கருத்துகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவை படித்தவர்கள் விவாதிக்க லத்தீனில் எழுதப்பட்டவை. மக்களிடம் போய்ச் சேர்ந்தது 1518-ல் ஜெர்மன் மொழியில் வந்த 'பாவமன்னிப்புச் சீட்டும் அருளும் பற்றிய உரை'. இருபது சிறிய பத்திகள், ஒரே ஒரு தாள். 1520-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது.

அது ஏன் இத்தனை பதிப்பானது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. அச்சகங்களிடம் உலோக எழுத்துகள் குறைவு. ஒரு வேலை முடிந்ததும் எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த வேலை. எனவே மறுபடி கேட்டு வந்தால் முதலிலிருந்து கோக்க வேண்டும். வேற்றூருக்குக் கட்டுக்கட்டாக அனுப்புவது வண்டிச்செலவு. ஒரே ஒரு பிரதியை அனுப்பினால் அங்குள்ள அச்சகத்தார் தாமே கோத்து அடித்துக்கொள்வார். விட்டன்பெர்க்கில் வந்தது லைப்சிக், நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், பாசெல் என்று இப்படித்தான் தாவியது. முதலில் அடித்தவரிடம் அனுமதி கேட்க வேண்டிய சட்டமும் இல்லை. ஒரு தாள் என்பதால் நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய நஷ்டம். 1520 ஆகஸ்ட்டில் வந்த 'ஜெர்மன் தேசத்துக் கிறிஸ்தவப் பிரபுக்களுக்கு' பெரிய பிரசுரம். 4,000 பிரதி அடித்து, சில நாட்களிலேயே தீர்ந்து, மறுபதிப்புக்குப் போனது. சாதாரணமாக 1,000 பிரதி அடித்த காலம் அது.

லூதரோடு நின்றுவிடக் கூடாது. ஆர்குலா ஃபான் க்ரும்பாக் என்ற பெண்மணி 1523-ல் இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். லூதர் கருத்துகளைப் பேசியதற்காகக் கட்டாயப்படுத்தி மறுப்பு வாங்கப்பட்ட ஓர் இளம் ஆசிரியருக்காக வாதாடிய கடிதம். தம்மோடு ஜெர்மன் மொழியில் விவாதிக்க வாருங்கள் என்று பேராசிரியர்களை அழைத்திருந்தார். பதிலே வரவில்லை. கடிதம் 14 பதிப்பு கண்டது. அவருடைய கணவரின் பதவி பறிபோனது. 1525 மார்ச்சில் மெமிங்கன் நகரில் உருவான விவசாயிகளின் 'பன்னிரண்டு கோரிக்கைகள்' இரண்டே மாதத்தில் 25 பதிப்பைத் தொட்டது. அதை எழுதியதில் முதன்மையானவர் செபாஸ்டியன் லோட்சர் எனும் தோலாடைத் தொழிலாளி. பாவமன்னிப்புச் சீட்டை விடவும் நிலவாடகையும் காட்டுரிமையும்தான் அந்தத் தாளில் பேசப்பட்டன.

பெயர் போடாமல் எழுதியவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரும்பாலும் எழுத்தாளரைத் தேடிப் போகவில்லை. தாளையும் எழுத்தையும் தைத்தவரையும் தேடினார்கள். இதற்கு மார்ப்ரலேட் விவகாரத்தை விடத் தெளிவான உதாரணம் இல்லை.

1588 அக்டோபர் முதல் 1589 செப்டம்பர் வரை, இங்கிலாந்தின் ஆயர்களைக் கேலி செய்து 'மார்ட்டின் மார்ப்ரலேட்' என்ற புனைபெயரில் ஏழு வெளியீடுகள் வந்தன. அனுமதியின்றி அச்சடிப்பது குற்றம். ராபர்ட் வால்டிகிரேவ் என்ற அச்சகக்காரரின் பொறியை அதிகாரிகள் ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். புதிய பொறியை ஈஸ்ட் மோல்சியில் ஒரு வீட்டில் ஒளித்து வைத்துத் தொடங்கினார்கள். பிறகு ஃபாஸ்லி, கவென்ட்ரி, வுல்ஸ்டன் என்று வண்டியில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கனமான பொறி, ஈய எழுத்துப் பெட்டிகள், தாள் கட்டுகள்: ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் வண்டியோட்டி, வீட்டுக்காரர், வேலைக்காரர் என்று புதிதாகச் சிலருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வால்டிகிரேவ் விலகியதும் ஜான் ஹாட்ஜ்கின்ஸ் பொறுப்பேற்றார். வாரிங்டனில் சாமான் இறக்கும்போது பெட்டியிலிருந்து சில அச்செழுத்துகள் கீழே சிந்தின. பார்த்தவர்களிடம் 'துப்பாக்கி ரவை' என்று சொல்லிச் சமாளித்தார். 1589 ஆகஸ்ட்டில் மான்செஸ்டர் அருகே அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டார். வழக்கை உடைத்தது ஹென்றி ஷார்ப் என்ற புத்தகம் தைப்பவரின் வாக்குமூலம். எந்த வீட்டில் எது அடித்தார்கள், யார் கொண்டுவந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். கடைசி வெளியீட்டின் தொடக்கப் பக்கங்களில் எழுத்துக்கோப்பு தடுமாறுகிறது. தேர்ந்த ஆள் பிடிபட்டபின், பழகாத கை அதைக் கோத்திருக்கிறது.

ஆசிரியர் யார் என்பது அன்று நிரூபிக்கப்படவில்லை. ஜாப் த்ராக்மார்ட்டன்தான் முதன்மை ஆசிரியர் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிர்வாகியாக இருந்த ஜான் பென்ரி 1593 மே மாதம் தூக்கிலிடப்பட்டார், குற்றச்சாட்டு வேறு.

தண்டனை எழுதியவருக்கா, அச்சடித்தவருக்கா?

இருவருக்கும். கையில் சிக்கியவர் பெரும்பாலும் அச்சடித்தவர். பொறியை ஒளிக்க முடியாது, கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிடலாம்.

1579-ல் முதலாம் எலிசபெத்தின் திருமணத் திட்டத்தை எதிர்த்து எழுதிய ஜான் ஸ்டப்ஸுக்கு வலது கை வெட்டப்பட்டது. வெளியிட்டவரான வில்லியம் பேஜுக்கும் அதே தண்டனை. 1663-ல் ஜான் ட்வின் என்ற லண்டன் அச்சகக்காரர், மன்னருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்ய மக்களுக்கு உரிமை உண்டு என்ற பிரதியை அச்சடிக்கும்போது பிடிபட்டார். ஆசிரியர் பெயரைச் சொல்ல மறுத்தார். 1664-ல் தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். பிரசுரங்களின் வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

1724-ல் அயர்லாந்தில் ஜோனதன் ஸ்விஃப்ட் துணிவணிகர் வேடத்தில் கடிதங்கள் எழுதினார். வில்லியம் வுட் என்பவருக்குத் தரப்பட்டிருந்த செப்புக்காசு உரிமத்தை எதிர்த்த கடிதங்கள் அவை. ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 300 பவுண்டு பரிசு அறிவித்தார்கள். டப்ளினில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறைக்குப் போனவர் அச்சடித்த ஜான் ஹார்டிங். அடுத்த ஆண்டு உரிமம் திரும்பப் பெறப்பட்டது.

டேனியல் டீஃபோ ஒரு பிரசுரத்துக்காகப் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டாரே, என்ன தவறு நடந்தது?

1702 டிசம்பரில் வந்த அந்தப் பிரசுரம், அரசுத் திருச்சபையில் சேராத மாற்றுச் சபையினரை ஒழித்துக்கட்டச் சொல்லும் தீவிரவாதியின் குரலை அப்படியே எடுத்துப் பேசியது. பெயரும் இல்லை, கேலி என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஒரு தரப்பு நிஜமென்று நம்பிப் பாராட்டியது, மறு தரப்பு நிஜமென்று நம்பிப் பயந்தது. உண்மை தெரிந்ததும் இரண்டு தரப்பும் கோபப்பட்டன. 1703 ஜூலைக் கடைசியில் மூன்று நாள் கட்டையில் நின்றார்; 200 மார்க் அபராதமும் விழுந்தது. ஆசிரியர் யார் என்ற தகவலே கையில் இல்லாத வாசகர் எப்படிப் படிப்பார் என்பதை அவர் கணிக்கத் தவறிவிட்டார்.

தாமஸ் பெயினின் 'காமன் சென்ஸ்' ஐந்து லட்சம் பிரதி விற்றது என்கிறார்களே, நம்பலாமா?

நம்ப வேண்டாம். அதன் தாக்கத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் சோதிக்கிறோம்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து பிரிய வேண்டும் என்று வாதாடிய இந்தப் பிரசுரத்தை 1776 ஜனவரி 10-ல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் பெல் வெளியிட்டார். விலை 2 ஷில்லிங். முதல் பதிப்பு ஏறத்தாழ 80 பக்கம். ஒரு தாளுக்கு 16 பக்கம் என்ற மடிப்பில் பிரதிக்கு 5 தாள் பிடிக்கும். ஐந்து லட்சம் பிரதிக்கு 25 லட்சம் தாள். ரீமுக்கு 500 வீதம் 5,000 ரீம். பிரிட்டனோடு போர் தொடங்கி இறக்குமதி நின்று, தாளுக்கே தட்டுப்பாடு வந்திருந்த நேரம் அது. அன்றைய 13 குடியேற்றங்களின் மொத்த மக்கள்தொகை, அடிமைகள் உட்பட, சுமார் 25 லட்சம். ஐந்து பேருக்கு ஒரு பிரதி என்றாகிறது.

நம் கையில் உறுதியாக இருப்பது பதிப்புகளின் எண்ணிக்கை: அந்த ஆண்டில் அமெரிக்காவில் 25. பதிப்புக்கு 1,000 முதல் 3,000 என்று வைத்தால் 25,000 முதல் 75,000 பிரதி வரும். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்று பெயினே 1779-ல் எழுதினார். ஐந்து லட்சம் என்பது அவருக்குப் பின் வந்தவர்கள் ஏற்றியது. 75,000 என்றாலும் அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அது பிரமிக்க வைக்கும் எண்ணிக்கை. செய்தித்தாள்கள் பகுதி பகுதியாக எடுத்துப் போட்டன, படைமுகாம்களில் உரக்கப் படித்தார்கள். படித்தவர்களை விடக் கேட்டவர்கள் அதிகம்.

தம் பங்கு லாபத்தைப் படைவீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுக்க நினைத்தார் பெயின். லாபமே இல்லை என்றார் பெல். தகராறு முற்றி, விரிவாக்கிய பதிப்பை வேறு அச்சகத்துக்குக் கொடுத்தார் பெயின். பெல்லோ தாமாகவே மறுபதிப்புகள் போட்டார். இருவரும் செய்தித்தாளில் மாறி மாறித் திட்டிக்கொண்டது பிரசுரத்துக்கு நல்ல விளம்பரமாக முடிந்தது.

இதே பெயின் இங்கிலாந்தில் 1791-ல் வெளியிட்ட 'மனித உரிமைகள்' முதல் பாகத்துக்கு விலை 3 ஷில்லிங்; அரசு வழக்குப் போடவில்லை. இரண்டாம் பாகத்தோடு 6 பென்னி மலிவுப் பதிப்புகள் வந்து தொழிலாளர் கைக்குப் போனதும் 1792-ல் வழக்கு வந்தது. விலைதான் அரசாங்கத்தைப் பயமுறுத்தியது.

பிரசுரங்களுக்கு வரி இருந்ததா?

பிரிட்டனில் 1712-லிருந்து. அரைத்தாள் வெளியீட்டுக்குப் பிரதிக்கு அரைப் பென்னி, ஒரு தாளுக்கு ஒரு பென்னி. ஒரு தாளைத் தாண்டிய பிரசுரத்துக்கு வேறு கணக்கு: ஒவ்வொரு பதிப்பிலும் ஒரே ஒரு பிரதிக்கு, தாளுக்கு 2 ஷில்லிங். எத்தனை ஆயிரம் அடித்தாலும் அவ்வளவுதான். செய்தித்தாள்காரர்கள் இந்த ஓட்டையைப் பார்த்தார்கள். ஒன்றரைத் தாளாக, ஆறு பக்கமாக விரித்துப் 'பிரசுரம்' என்று பதிந்துகொண்டார்கள். 1725-ல் ஓட்டையை அடைத்தார்கள்.

இவ்வளவு மெல்லிய தாள்கள் எப்படி இன்றுவரை தப்பின?

பெரும்பாலானவை தப்பவில்லை. தப்பியவற்றுக்கு ஒரு சிலரின் பிடிவாதம்தான் காரணம். லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை கண்ணில் பட்ட பிரசுரங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 22,000-க்கும் அதிகம். தணிக்கை அமைப்பாக இருந்த ஸ்டார் சேம்பர் 1641-ல் ஒழிக்கப்பட்டதும் வந்த வெள்ளத்தின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. பலவற்றின் முகப்பில், கைக்கு வந்த நாளை மையால் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எந்தப் பிரசுரம் எதற்குப் பதில் என்று வரிசைப்படுத்தவே முடியாது. படைகள் நெருங்கும்போது மூட்டை கட்டிச் சர்ரி, எசெக்ஸ் என்று அனுப்பிக் காப்பாற்றினார். முதலாம் சார்லஸ் மன்னர் இரவல் வாங்கிச் சேற்றில் தவறவிட்ட ஒரு பிரதி, கறையோடு இன்னும் இருக்கிறது. 1762-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முழுச் சேகரிப்பையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார்.

தேதியில்லாத பழைய ஐரோப்பியப் பிரசுரம் ஒன்றின் காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒன்றுக்கொன்று சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அது கம்பி வலை அச்சில் வார்த்த தாள். கோடுகள் கிடையாக ஓடி, நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம்) முதுகு மடிப்பின் நடுவில் இருந்தால் குவார்ட்டோ. நெடுக்காக ஓடி, நீர்க்குறி மடிப்பின் மேல்முனையில் இருந்தால் தாளுக்கு 16 பக்கம் வரும் ஆக்டேவோ. கோடே இல்லாத வழவழப்பான தாள் 1757 வாக்கில்தான் அறிமுகமாகி, 1800-ஐ ஒட்டிப் பரவியது. ஆங்கில அச்சில் 'எஃப்' போலத் தோன்றும் நீண்ட 'எஸ்' எழுத்தும் ஏறத்தாழ 1800-ல் மறைகிறது. பழுப்பேறி, மடித்தால் ஒடியும் தாள் என்றால் மரக்கூழ். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது அதற்குப் பிறகு.

அச்சிட்ட தேதியையும் ஊரையும் அப்படியே நம்பாதீர்கள். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே '1648 ஜனவரி' என்றிருந்தால் நம் கணக்கில் 1649 ஆக இருக்கலாம். மாறாக, சரக்கு புதிதாகத் தெரிய வேண்டும் என்று நவம்பரிலேயே அடுத்த ஆண்டைப் போட்டவர்களும் உண்டு. தாமசன் அவற்றை அடித்துத் திருத்தியிருக்கிறார். 'கொலோன், பியேர் மார்த்தோ' என்று பார்த்தால் உஷாராகுங்கள். அப்படி ஓர் அச்சகமே இருந்ததில்லை. 1660-லிருந்து, தடைசெய்யக்கூடிய பிரெஞ்சு நூல்களுக்குப் பல ஊர்க்காரர்களும் பயன்படுத்திய பொய்ப் பெயர் அது. உண்மையான அச்சகத்தைக் கண்டுபிடிக்கச் சிதைந்த எழுத்துகளையும் அலங்கார முதலெழுத்துகளையும் பாருங்கள். மரக்கட்டையில் விழுந்த விரிசல் அதே அச்சகத்தின் பெயர் போட்ட வெளியீடுகளிலும் அதே இடத்தில் தெரியும்.

அச்சகமே இல்லாமல் பிரசுரம் போட்டவர்கள் உண்டா?

உண்டு. 1942–43-ல் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த மியூனிக்கின் 'வெள்ளை ரோஜா' மாணவர்கள் தட்டச்சுப்பொறியும் கையால் சுற்றும் நகலெடுப்பானும் வைத்து ஆறு துண்டறிக்கைகள் போட்டார்கள். முதல் நான்கும் தலா நூறு பிரதி அளவில்தான். ஐந்தாவது 6,000 முதல் 9,000 வரை. பொறியை விடத் தாளும் தபால்தலையும் வாங்குவதில்தான் ஆபத்து. ஒரே கடையில் நிறைய வாங்கினால் சந்தேகம் வரும். அதனால் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். ஒரே ஊரிலிருந்து வருவது தெரியாமலிருக்க, ரயிலில் பெட்டியோடு போய் வேறு நகரங்களில் தபாலில் சேர்த்தார்கள்.

வீட்டில் சில பழைய பிரசுரங்கள் இருக்கின்றன. எப்படி வைப்பது?

இரும்புப் பின்னை முதலில் எடுங்கள். துருதான் தாளைத் தின்கிறது. இழுக்காமல், பின்பக்கக் கால்களை மழுங்கிய தகட்டால் நிமிர்த்தி எடுக்க வேண்டும். நூல் தையல் இருந்தால் தொட வேண்டாம். அந்தத் துளைகளும் ஒரு சான்று. ஒட்டு டேப் கூடவே கூடாது, சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அமிலமில்லாத தாள் உறையில் ஒன்றொன்றாக வைத்து, படுக்கையாக அடுக்குங்கள். ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். அழகுக்காக வெட்டி, பத்துப் பிரசுரங்களைச் சேர்த்து பைண்டிங் செய்ததில் எத்தனையோ ஓரக்குறிப்புகள் போய்விட்டன.